ஜெர்டான் கல்குருவி: ஒரு தேடலின் வரலாறு

ஜெர்டான் கல்குருவி இந்தியாவின் மிக அரிய பறவைகளுள் ஒன்று. ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பா மாவட்டத்தில், பெண்ணையாற்றுப் பகுதியின் புதர்க்காடுகளில் வாழும் இரவுப் பறவை இது. தெலுங்கில் இதன் பெயர் கலிவி கோடி. கலிவி என்பது தமிழில் களா எனப்படும் முட்செடி. கோடி என்றால் கோழி. களாப்புதர்க் கோழி என்று சொல்லலாம். அறிவியலுக்கு 1848-இல் அறிமுகமான இப்பறவை 1900-க்குப் பின் யார் கண்ணிலும் படாததால் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. 1986-இல் மீண்டும் அகப்பட்டது. அதன் பிறகும் இதைக் கண்ணால் கண்டவர்கள் மிகச் சிலர். படமெடுத்தவர்கள் அவர்களிலும் சிலர்.

இதன் வரலாறு சென்னையோடு, குறிப்பாக நகரின் மேற்குப் புறநகர்களோடு, இரண்டு வழிகளில் தொடர்புடையது. சென்னை சென்ட்ரலில் புறப்பட்டு அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம், ரேணிகுண்டா தாண்டி மும்பை நோக்கிச் செல்லும் ரயில்கள், ஏறத்தாழ 260 கி.மீ. தொலைவில் கடப்பா நிலையத்தில் நிற்கின்றன. கிரானைட் வருவதற்கு முன் இப்புறநகர் வீடுகளில் சமையல் மேடைக்கும் அலமாரித் தட்டுக்கும் போடப்பட்ட கருங்கல் பலகைக்குக் 'கடப்பாக் கல்' என்று பெயர் வந்தது அந்த ஊரால்தான். மற்றொரு தொடர்பு தண்ணீர். பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளை நிரப்பும் கிருஷ்ணா நீருக்கான தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்களுள் ஒன்று, இப்பறவை வாழும் காட்டின் ஓரமாகச் செல்கிறது. பறவை அங்கே இருக்கிறது என்று காட்ட முடிந்தபோது கால்வாய் விலகிச் சென்றது. காட்டுவது எளிதாக இருக்கவில்லை.

பறவையின் இயல்பு

உடல் நீளம் சுமார் 27 செ.மீ. புறாவைவிடச் சற்றுச் சிறிய உடல், ஆனால் நீண்ட கால்கள். மேலுடல் மண்பழுப்பு நிறம். கழுத்தின் முன்புறத்தில் செம்பழுப்புத் திட்டு, கண்ணுக்கு மேல் அகன்ற வெண்புருவம், மார்பில் இரண்டு பழுப்புப் பட்டைகள். அறிவியல் பெயரின் பிற்பகுதியான 'பைடார்குவேட்டஸ்' இரண்டு கழுத்தணி உடையது என்று பொருள்படும். கண்கள் பெரியவை. எறும்பு, கரையான் முதலிய பூச்சிகளைத் தரையில் ஓடிப் பிடித்து உண்ணும். பகலில் புதரடியில் அசையாமல் அமர்ந்துவிட்டால், பத்தடி தூரத்தில் நடந்து செல்பவருக்கும் அது ஒரு மண்ணாங்கட்டிதான்.

கோரமண்டல் கரையின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் தாங்கியிருக்கும் சாதாரணக் கல்குருவி இதன் உறவினம். அது வறண்ட வெட்டவெளிகளில் பகல் வெளிச்சத்தில் ஓடித் திரியும். பார்க்க விரும்புபவருக்குப் பொறுமை இருந்தால் போதும். ஜெர்டான் கல்குருவிக்கோ முழு வெட்டவெளியும் ஆகாது, அடர்ந்த காடும் ஆகாது. புதர்கள் ஆங்காங்கே நிற்க வேண்டும், அவற்றுக்கிடையே ஓடுவதற்கு வெறுந்தரையும் வேண்டும். ஆடுமாடு மேய்தலும் விறகு வெட்டுதலும் அளவோடு இருக்கும் இடங்களில்தான் இப்படிப்பட்ட நிலம் அமைகிறது. மேய்ச்சல் மிகுந்தால் புதர் போய்விடும். அறவே நின்றால் புதர் மண்டி இடைவெளி அடைந்துவிடும். வருவாய்க் கணக்கில் 'தரிசு' என்றும் 'புறம்போக்கு' என்றும் எழுதப்படுகிற நிலம் இதுவே. எலுமிச்சைத் தோட்டம் போட, கல் உடைக்க, கால்வாய் வெட்ட முதலில் கைவைக்கப்படுவதும் இதன்மேல்தான்.

நெல்லூர் மருத்துவர்

தாமஸ் கேவர்ஹில் ஜெர்டான் (1811–1872) கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1836-இல் மதராஸ் வந்தார். படைப்பிரிவுகளோடு பல ஊர்களில் பணியாற்றினார். தென்னிந்தியப் பறவைகளின் பட்டியலை மதராசிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் தொடராக எழுதினார். வண்ணப்படங்களுடன் கூடிய அவரது பறவை நூல் ஒன்று 1843 முதல் 1847 வரை மதராசில் பகுதி பகுதியாக அச்சாயிற்று. பின்னர் 1862–64-இல் வெளிவந்த 'இந்தியப் பறவைகள்' என்ற நூல், அடுத்த தலைமுறைப் பறவையியலாளர் அனைவருக்கும் கைநூலாக இருந்தது.

நெல்லூரில் அரசு மருத்துவராக இருந்த ஆண்டுகளில் ஜெர்டான் ஏனாதி மக்களோடு நெருங்கிப் பழகினார். நம் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பகுதிகளின் இருளரைப் போலவே நிலத்தையும் அதில் ஊர்வன பறப்பனவற்றையும் நுணுக்கமாக அறிந்தவர்கள் ஏனாதியர். பறவைகளின் உள்ளூர்ப் பெயர்களையும் இருப்பிடங்களையும் அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டார். நெல்லூருக்கு மேற்கே மலைப்பாங்கான நிலத்திலும் கடப்பாவிலும் கிடைத்த ஒரு கல்குருவி இனம் எந்தப் புத்தகத்திலும் இல்லாததாக இருந்தது. கல்கத்தாவில் ஆசியக் கழக அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த எட்வர்ட் பிளைத் அதை 1848-இல் புதிய இனமாக விவரித்தார். ஜெர்டான் விட்டுச்சென்ற குறிப்பு சுருக்கமானது: பாறையும் மேடுபள்ளமுமான, அடர்த்தி குறைந்த புதர்நிலத்தில் சிறு கூட்டமாகக் காணப்படும், அதிகம் குரல் எழுப்பாது, எப்போதாவது இரங்குவது போன்ற ஒலி எழுப்பும். எந்த நேரத்தில் என்பதை அவர் எழுதவில்லை. பின்வந்தவர்களுக்கு அந்த விடுபாடு பெரிய இடராயிற்று.

காணாத ஆண்டுகள்

ஜெர்டானுக்குப் பின் நிலவியலாளர் பிளான்ஃபோர்டு கோதாவரிப் பள்ளத்தாக்கில், பத்ராசலம், சிரோஞ்சா பக்கங்களில் இப்பறவையைக் கண்டார். 1900-இல் அனந்தபூர் அருகே ஹவர்ட் கேம்பெல் கண்டதே கடைசிப் பதிவு. 1929-இல் தொடங்கிய வெர்னே ஆய்வுப்பயணம் கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் பறவைகளை ஊர் ஊராகச் சேகரித்தது, கல்குருவி கிடைக்கவில்லை. 1970-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் தேடியும் பலனில்லை.

அக்காலத் தேடல்முறையைப் பார்த்தால் வியப்பில்லை. அதிகாலையில் முகாமிலிருந்து கிளம்பி, வெயில் ஏறுமுன் நடந்து, கண்ணில் பட்டதைச் சுட்டோ வலைவீசியோ பிடித்து, பதப்படுத்தி அலமாரியில் சேர்ப்பது வழக்கம். பகற்பறவைகளுக்கு அது போதும். உறவினமான கல்குருவி பகலில் திரிவதால் இதுவும் அப்படியே இருக்கும் என்று எண்ணியிருக்க வேண்டும். கடப்பாக் காட்டில் இரவில் முயலும் கவுதாரியும் பிடிக்கப் போகிறவர்களிடம் ஒரு சொல் கேட்டிருந்தால் விஷயம் வேறாகியிருக்கும். ஜெர்டான் கேட்டார், அவருக்குப் பின் வந்த பலர் கேட்கவில்லை.

ரெட்டிப்பள்ளி, 1986

கேட்டவர் பரத் பூஷண். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இளம் ஆய்வாளராகக் கடப்பாவுக்கு வந்த அவர், பறவையின் படத்தை ஊர்மக்களிடம் காட்டி விசாரித்தார். கலிவி கோடி என்ற பெயர் அவர்களிடம் வழக்கில் இருந்தது. அறிஞர்கள் அழிந்தது என்று எழுதிவிட்ட பறவைக்கு அங்கே பெயரும் இருந்தது, பழக்கமும் இருந்தது. 1986 ஜனவரியில் ரெட்டிப்பள்ளி அருகே ஐத்தண்ணா என்ற உள்ளூர்ப் பறவை பிடிப்பவர் இரவில் விளக்கொளியில் ஒரு கலிவி கோடியை உயிரோடு பிடித்தார். அந்தப் பறவை பிழைக்கவில்லை. ஆனால் இனம் அழியவில்லை என்பதும், அது இரவில் நடமாடும் பறவை என்பதும் உறுதியாயின.

தொண்ணூறு வயதை எட்டிக்கொண்டிருந்த சாலிம் அலி அப்போது உயிருடன் இருந்தார். இந்தியாவின் காணாமற்போன பறவைகளைத் தேட வேண்டும் என்று பல்லாண்டு வலியுறுத்தியவர் அவர். மறு ஆண்டு மறைந்தார். 1988-இல் அஞ்சல் துறை இப்பறவையின் படத்தோடு ஒரு ரூபாய்த் தபால்தலை வெளியிட்டது. அந்த ஆண்டில் தபால்தலையில் பறவையைப் பார்த்தவர்கள் லட்சக்கணக்கில். காட்டில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கால்வாய்

பறவை அகப்பட்ட காலம் கவனிக்கத்தக்கது. சென்னையின் குடிநீர்ப் பஞ்சத்தைத் தீர்க்க, கிருஷ்ணா நதியில் தம் பங்கிலிருந்து தலா 5 டி.எம்.சி. தர மகாராஷ்டிரமும் கர்நாடகமும் ஆந்திரமும் 1976-இல் ஒப்புக்கொண்டன. 1983-இல் எம்.ஜி.ஆரும் என்.டி.ராமராவும் முதலமைச்சர்களாக இருந்தபோது தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. ஸ்ரீசைலம் அணையின் நீர் ராயலசீமை வழியாகச் சோமசிலாவுக்கும், அங்கிருந்து கண்டலேறுவுக்கும், பின் கால்வாயில் ஊத்துக்கோட்டை அருகே தமிழக எல்லைக்கும் வந்து, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தில் சேர வேண்டும். 15 டி.எம்.சி.யில் ஆவியாதல் போக 12 டி.எம்.சி. எல்லையில் கிடைக்கும் என்பது கணக்கு. முதல் நீர் 1996-இல்தான் வந்தது.

திட்டம் சென்னைக்கு மட்டும் உரியதன்று. கடப்பா, நெல்லூர் மாவட்டங்களின் வயல்களுக்கும் அதே கால்வாய்த் தொடரே பாசனம் தருகிறது. மழை பொய்த்தால் வேர்க்கடலையும் இல்லாத ஊர்கள் அவை. அங்குள்ள உழவர் கால்வாயைக் கேட்டதில் தவறு இல்லை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்தவர்கள் கேட்டதிலும் தவறு இல்லை. இவ்வளவு பேருடைய தேவைக்கு எதிரே, யாரும் காணாத ஒரு பறவை நின்றது.

இருந்தும் ஆந்திர அரசு பறவையின் பக்கம் ஒரு அடி எடுத்துவைத்தது. அதன் வாழிடத்தைத் தவிர்க்கும் வகையில் கால்வாயின் பாதை மாற்றியமைக்கப்பட்டது. சித்தவட்டம், பத்வேல் பகுதிகளுக்கிடையே லங்கமல்லா மலையை ஒட்டிய காடு 1988-இல் ஸ்ரீ லங்கமல்லேஸ்வரா வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஜனவரி இரவில் ஐத்தண்ணாவின் கையில் பறவை சிக்காமல் இருந்திருந்தால், இவ்வளவும் நடந்திருக்க வாய்ப்பில்லை.

தடம், படம், குரல்

சரணாலயம் அமைந்தபின் எழுந்த கேள்வி: பறவை எங்கெங்கே இருக்கிறது? இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தால் பெரும்பாலும் பக்கிகளும் கண்கிலேடிகளும்தான் கண்ணில் படும். கல்குருவி தென்பட்டாலும் புதருக்குள் ஓடி மறைந்துவிடும். 2000-ஆம் ஆண்டை ஒட்டி இப்பணியை மேற்கொண்டவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த பறவையியலாளர் ப. ஜெகநாதன். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துடன் பிரிட்டனின் ராயல் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வாளர்களும் இணைந்திருந்தனர்.

அவர்கள் பறவையைத் துரத்தவில்லை. புதர்களுக்கிடையே ஐந்து மீட்டர் நீளத்துக்கு மெல்லிய மண்ணைப் பரப்பிச் சமன்செய்து வைத்தார்கள். இரவில் அதன்மீது கடந்துசெல்வது எதுவானாலும் காலையில் அதன் காலடி மண்ணில் இருக்கும். வீட்டு வாசலில் கோலமாவு தூவி எறும்பு, அணில் வந்த தடம் பார்த்த பிள்ளைகளுக்கு இம்முறை விளக்கம் இல்லாமலே புரியும். கல்குருவிக்கு முன்னோக்கிய மூன்று விரல்கள் மட்டுமே உண்டு, பின்விரல் கிடையாது. மஞ்சள்மூக்கு ஆள்காட்டிக்கும் பின்விரல் இல்லையாதலால், தடத்தை அளந்து பிரித்தறிய வேண்டியிருந்தது. தினந்தோறும் வரிசைகளைப் பார்ப்பது, தடங்களைப் பதிவுசெய்வது, மண்ணை மீண்டும் சமன்செய்வது என்று வேலை ஓடியது. மழை பெய்தால் எல்லாம் முதலிலிருந்து.

மண்வரிசைகளோடு தானியங்கிக் கேமராக்களும் வைக்கப்பட்டன. இம்முறை புதியதன்று. ஐக்கிய மாகாண வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் 1920-களில் காட்டுப் பாதையின் குறுக்கே கம்பி கட்டி, புலியே மிதித்துத் தன்னைப் படமெடுத்துக்கொள்ளச் செய்தார். அப்படங்கள் 1925-இல் லண்டன் பத்திரிகையின் முகப்பில் வெளிவந்தன. சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) வேறு வழி சென்றார். வெவ்வேறு கருவிகளின் பாகங்களை இணைத்து உருவாக்கி, வேடிக்கையாக 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்ட கனத்த கேமராவைச் சுமந்து, நடந்தும் முதுமலையில் யானை மீதேறியும் கருப்பு வெள்ளையில் படமெடுத்தார். யானை, காட்டெருமை போன்ற பெரிய விலங்குகளுக்கு அவருடைய நேர்நின்ற முறையைவிடச் சிறந்தது இல்லை. இருட்டில் ஓடும் ஒரு சாண் உயரப் பறவைக்கு அது செல்லாது. அங்கே சாம்பியன் வழிதான் கைகொடுத்தது.

கடப்பாவில் வைக்கப்பட்டவை ஃபிலிம் கேமராக்கள். ஒரு சுருளில் முப்பத்தாறு படம். அதில் முயலும் நரியும் மாடும் எத்தனை இடம் எடுத்துக்கொள்ளும் என்பது ஃபிலிமைக் கழுவிப் பார்க்கும்வரை தெரியாது. அப்படித்தான் கல்குருவி படத்தில் விழுந்தது. அழகுக்காக எடுத்த படங்கள் அல்ல இவை. ஆனால் 'இந்த இடத்தில், இந்த இரவில் இருந்தது' என்பதற்கு மறுக்க முடியாத சாட்சி. தடமும் படமும் சேர்ந்தபோது, தடத்தை நம்பலாம் என்ற துணிவும் வந்தது. இந்த ஆய்வுமுறை 2002-இல் 'ஓரிக்ஸ்' என்ற பன்னாட்டு இதழில் வெளியாயிற்று.

அடுத்துக் கிடைத்தது குரல். ஜெர்டான் போகிறபோக்கில் குறித்திருந்த அந்த இரங்கல் ஒலியை முதன்முறையாக ஒலிப்பதிவு செய்ததும் இந்த ஆய்வின்போதுதான். இரண்டு அசை கொண்ட கூவல், தொடர்ந்து சில முறை ஒலித்து நின்றுவிடும். அந்தி மங்கி இருட்டு இறங்கும் சிறு பொழுதில் மட்டுமே கேட்கும். அதைத் தவறவிட்டால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டும். பதிவுசெய்த குரலை அதே பொழுதில் வேறிடங்களில் ஒலிக்கவிட்டு மறுகுரல் வருகிறதா என்று கேட்டபோது, அதுவரை அறியப்படாத சில இடங்களிலும் பறவை இருப்பது தெரியவந்தது. கண் தோற்ற இடத்தில் காது வென்றது எனலாம். இதைப் படிக்கும் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை: குரலை ஒலிக்கவிடுவது ஆய்வுக்காக, அளவோடு செய்யப்பட்டது. படம் எடுக்கும் ஆசையில் கைப்பேசியில் மீண்டும் மீண்டும் ஒலிக்கவிட்டால், எதிரி வந்துவிட்டதென்று அலையும் பறவை இரைதேடும் நேரத்தை இழக்கும்.

2005

இத்தனை பாடுபட்டுத் தயாரான வரைபடத்துக்கு விரைவிலேயே வேலை வந்தது. 2005-இன் இறுதியில், கல்குருவி வாழிடம் என்று ஆய்வில் தெரிந்திருந்த நிலத்தின் ஒரு பகுதி, சரணாலயத்தை ஒட்டி, தெலுங்கு கங்கைத் திட்டக் கால்வாய்க்காக அனுமதியின்றித் தோண்டப்பட்டிருந்தது. மண்வாரி இயந்திரங்கள் புதர்களை வாரி ஒதுக்கியிருந்தன. அங்கே தொடர்ந்து வேலைசெய்துவந்த ஆய்வாளர்கள் அதைக் கண்டு தெரிவித்தார்கள். வனத்துறை பணியை நிறுத்தியது. பின்னர் கால்வாயின் பாதை மீண்டும் மாற்றப்பட்டது.

இருபது ஆண்டுகளுக்குள் ஒரே பறவைக்காக ஒரே திட்டம் இரண்டு முறை வழிமாறியது இந்தியாவில் அபூர்வம். சென்னைக்கு வரும் தண்ணீர் அதனால் நின்றுவிடவில்லை. கண்டலேறுவில் நீர் இருக்கும் ஆண்டுகளில் அது ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்கு வந்துகொண்டேயிருக்கிறது. ஆனால் 2005-இல் தோண்டிய இடத்தில் பறவை இருந்தது என்று சொல்ல ஒரு மண்வரிசையும் ஒரு ஃபிலிம் சுருளும் இருந்தன. அவை வைக்கப்படாத இடங்களில் எத்தனை காடு போயிற்று என்பதற்குக் கணக்கு இல்லை.

பின்னர்

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இப்பறவை மிக அருகிய இனமாக வைக்கப்பட்டுள்ளது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இடம்பெற்றுள்ளது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளுக்குப் பின் நீண்ட காலம் உறுதியான பதிவே இல்லாமல், மண்வரிசைகளும் டிஜிட்டல் கேமராக்களும் ஏமாற்றத்தையே தந்தன.

இதற்கிடையே ஒரு செய்தி எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்துச் சேகரிப்பில் ஒரு முட்டை இருந்தது. கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் மீட்டனின் சேகரிப்பைச் சேர்ந்தது, 1917-இல் எடுக்கப்பட்டது. மரபணுச் சோதனையில் அது ஜெர்டான் கல்குருவியின் முட்டையே என்று உறுதியாகி 2013-இல் செய்தி வெளியானது. சுரங்கத்தில் வேலைசெய்த தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வாழ்ந்த அந்த ஊரின் பக்கம்வரை, கடைசிப் பதிவு என்று எழுதப்பட்ட 1900-க்குப் பதினேழு ஆண்டுகள் கழித்தும் பறவை இருந்திருக்கிறது. இனத்தின் முட்டை என்று அறியப்பட்டது அது ஒன்றே. கூட்டையும் குஞ்சையும் எந்தக் கேமராவும் இன்றுவரை பதிவு செய்ததில்லை.